செல் சவ்வு ஃப்ளோரைடை ஏன் தடுப்பதில்லை?

கேள்வி: எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் கிராமம், டாக்டர். போர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் குடிக்கிறோம். ஆனாலும் 9 வயது மகனுக்கு முன்பற்களில் பழுப்புக் கறை. ஃப்ளோரைடு என்கிறார்கள். "செல் சவ்வு வேண்டியதை மட்டும்தான் உள்ளே விடும்னு பாடத்துல இருக்கே, இது எப்படிம்மா உள்ளே போச்சு?" என்று பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்கிறாள். கறை போகுமா? மாமியாரின் முதுகுவலிக்கும் இதுதான் காரணமா?

– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் நீங்கள் என்ன மாற்ற வேண்டும் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

செல் சவ்வு கொழுப்பால் ஆன ஈரடுக்கு. 7, 8 நானோமீட்டர்தான் கனம். இரு புறமும் தண்ணீரோடு ஒட்டும் பாஸ்பேட் தலைகள், நடுவில் தண்ணீரை அண்டவிடாத கொழுப்பு வால்கள். மின்னூட்டம் உள்ள அயனி எதுவும் இந்தக் கொழுப்பைத் தானாகக் கடக்க முடியாது. சோடியம், பொட்டாசியம் போன்றவற்றுக்கு அதற்கென்றே அமைந்த புரதங்கள் வழிவிட வேண்டும். மின்னூட்டம் இல்லாத சிறு மூலக்கூறுகளுக்கு யார் தயவும் வேண்டாம். ஆக்சிஜனும் கரியமில வாயுவும் அப்படித்தான் போய்வருகின்றன. ஆக, சவ்வு பார்ப்பது அளவு, மின்னூட்டம், கொழுப்பில் கரையும் தன்மை ஆகியவற்றைத்தான். நமக்கு நல்லதா கெட்டதா என்று பார்க்க அதற்குத் தெரியாது. பாடப்புத்தகத்தின் "தேர்ந்தெடுத்து அனுமதிக்கும்" என்ற சொல்லை மகள் இப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் குடத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அயனியாகத்தான் இருக்கிறது. அந்த வடிவிலேயே இருந்தால் சவ்வின் கொழுப்பைத் தாண்டுவது மிகக் கடினம். ஆனால் வெறும் வயிற்றில் இரைப்பை அமிலத்தின் பி.எச். (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 1 முதல் 2 வரை. அங்கே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஃப்ளோரைடு, ஹைட்ரஜனோடு சேர்ந்து மின்னூட்டமற்ற ஹைட்ரஜன் ஃப்ளோரைடாகிவிடுகிறது. அது அயனியைவிடப் பல லட்சம் மடங்கு எளிதாகச் சவ்வைக் கடக்கும். உள்ளே அமிலம் குறைவு என்பதால் மறுபடி பிரிந்து அயனியாகிறது, ரத்தத்தில் கலக்கிறது. ஒரு பகுதி இப்படி இரைப்பையிலேயே போய்விடும், மீதியில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். சிறுநீரில் வெளியேறியது போக எஞ்சுவது எலும்பில் படிகிறது. வளரும் பிள்ளைகளிடம் இந்தப் படிவு பெரியவர்களைவிட அதிகம்.

காய்ச்சுவது கிருமியைக் கொல்லும், அந்த நல்ல பழக்கத்தை விடாதீர்கள். ஆனால் ஃப்ளோரைடு ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதை நம் மாவட்டத்தில் எத்தனை தாய்மாருக்குச் சொன்னாலும் போதவில்லை. பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு காய்ச்சுகிறவர்கள் அவர்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே வந்த திட்டம் அது. குழாயில் நாள்தோறும் வராவிட்டால் பிடித்து மூடி வையுங்கள், போர் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். சோறும் களியும் குழம்பும் போர் தண்ணீரில் வெந்தால் குடிதண்ணீரை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆர்.ஓ. கருவியும் உதவும். தண்ணீரில் ஃப்ளோரைடு மின்னூட்டத்தோடு இருப்பதால் கருவியில் உள்ள சவ்வு பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சவ்வைக் காலத்தில் மாற்ற வேண்டும்.

உணவில் கால்சியம் இருந்தால், அது குடலில் ஃப்ளோரைடோடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகி மலத்தோடு போய்விடும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. களி, கூழ், பால், மோர், முருங்கைக்கீரை எல்லாம் நல்லது. தண்ணீரை மாற்றாமல் இவற்றை மட்டும் நம்ப வேண்டாம். கால்சியம் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

இனி மகனின் பல். வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இரு பக்கத்துப் பற்களிலும் ஒரே உயரத்தில், சுண்ணாம்புக் கோடு இழுத்தது போல் குறுக்கு வரிகளும் நடுவே பழுப்பும் இருந்தால் ஃப்ளோரைடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு பல்லில் மட்டும் கறை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். எனாமல் உருவாகும் வயதிலேயே பதிந்த கறை இது, தேய்த்தால் போகாது. முரட்டு பிரஷ், கரி, உப்பு எதுவும் வேண்டாம், எனாமல்தான் தேயும். பல் மருத்துவர் மேற்பூச்சு முறைகளால் மறைக்க முடியும். அவன் பல் விளக்காத பிள்ளை என்று யாரும் கேலி செய்ய விடாதீர்கள்.

மாமியாரைப் பார்க்காமல் என்னால் உறுதி சொல்ல முடியாது. அந்த வயதில் முதுகுவலிக்குத் தேய்மானமே பெரும்பாலும் காரணம். ஆனால் கழுத்தும் முதுகும் விறைத்து, குனியவோ திரும்பவோ முடியாமல் இருந்தால் எக்ஸ்ரேயும் சிறுநீரில் ஃப்ளோரைடு அளவும் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஃப்ளோரைடு வெளியேறுவது குறையும், அதற்கான ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். கை கால் மரத்தாலோ நடை தடுமாறினாலோ தாமதிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாதபோதுகூட 1.5-ஐத் தாண்டக் கூடாது. மாதிரியைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள், கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரிந்தால் அளவு தவறாகக் காட்டலாம்.