ஒரே வீட்டில் இரண்டு வாக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் எடின்பரோவில் வேலை பார்க்கிறான். போன வாரம் பேசும்போது, "ஸ்காட்லாந்து தனி நாடாகணும்ப்பா" என்றான். "சோறு போடுற நாட்டை உடைக்கச் சொல்லலாமாடா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். நான் கேட்டது தப்பா அம்மா?
– ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: கேட்டது தப்பில்லை ஐயா. 'உடைக்க' என்ற சொல்தான் பிள்ளையைச் சுட்டிருக்கும்.

ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்த 2014 செப்டம்பரில், நான் அங்கே கிளாஸ்கோவில் பெரிய மகள் வீட்டில் இருந்தேன். செம்பூரிலிருந்து புளிக்காய்ச்சலும் அப்பளமும் கட்டிக்கொண்டு போய் இறங்கினால், அந்த வீட்டு ஜன்னலே எனக்கு அதிசயமாக இருந்தது. கூடத்து ஜன்னலில் நீல நிறத்தில் 'யெஸ்' அட்டை, மகள் ஒட்டியது. பக்கத்து அறை ஜன்னலில் 'நோ தேங்க்ஸ்', மாப்பிள்ளை ஒட்டியது. இரண்டு பேரிடமும் அப்போது இந்திய பாஸ்போர்ட்தான். ஆனாலும் வாக்கு உண்டு. அங்கே முறைப்படி குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டினருக்கும் வாக்குரிமை கொடுத்திருந்தார்கள். 16 வயது நிரம்பியவர்களுக்கும் கொடுத்தார்கள். எடின்பரோவில் பிறந்து லண்டனில் குடியேறிவிட்டவருக்குக் கிடையாது. யார் அங்கே வாழ்கிறார்களோ அவர்களுக்கே ஊர்; பிறப்பெல்லாம் அப்புறம்தான் என்று வைத்தார்களே, அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நாற்பது வருஷம் மும்பையில் இருந்தும் 'எந்த ஊரு?' என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பவள் நான்.

மகள் மருத்துவமனையில் நர்ஸ். அவள் வாதம் இது: "2010 தேர்தல்ல ஸ்காட்லாந்துல இருக்குற 59 தொகுதியில கன்சர்வேட்டிவ் கட்சி ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு. ஆனா எங்களை ஆளுறது அவங்க. நாங்க கேக்காத அரசாங்கம் எங்க பட்ஜெட்டை முடிவு பண்ணுதும்மா." அணு ஆயுத நீர்மூழ்கிகள் நிற்கும் ஃபாஸ்லேன் தளம் கிளாஸ்கோவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறுகிவிடும்.

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். 34 வருஷம் வங்கியில் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான், நோட்டைக் கண்டால் விரல் தானாக ஓரத்தைத் தடவும். ஒரு பவுண்டு நோட்டு. அதில் ராணி படத்தைத் தேடினேன், இல்லை. அங்கே மூன்று வணிக வங்கிகள் சொந்தமாக நோட்டு அச்சிடுகின்றன. அச்சிடும் தொகைக்கு ஈடாகப் பெரும்பகுதியை இங்கிலாந்து வங்கியில் கட்டிவைக்க வேண்டும். லண்டனில் ஒரு கடையில் இதே மாதிரி நோட்டைக் கொடுத்தபோது, அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டாளாம். "முகம் நம்மது அத்தை, பலம் அவங்களது" என்றார் மாப்பிள்ளை. பிரிந்தால் பவுண்டைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று அப்போதைய பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் அந்த வருஷம் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார். வீட்டுக்கடன், பென்ஷன் எல்லாம் பவுண்டில். நாளைக்கு எந்தப் பணத்தில் கட்டுவது? இந்தக் கேள்விக்கு மகளிடம் தெளிவான பதில் இல்லை. எனக்குத் தெரிந்து, தனி நாடு கேட்டு முன்னால் நின்ற அப்போதைய ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சாமண்டிடமும் அன்று இல்லை.

செப்டம்பர் 18 அன்று இருவரும் ஒன்றாகத்தான் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். பேத்தியைப் பிடித்துக்கொண்டு நான் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். வேண்டாம் 55.3, வேண்டும் 44.7. கிளாஸ்கோவையும் சேர்த்து நாலே பகுதிகளில்தான் 'வேண்டும்' ஜெயித்தது. விடியற்காலை மகள் அடுப்படியில் நின்று, "நம்ம ஊரு ஜெயிச்சும் தோத்துட்டோம்மா" என்று அழுதாள். காபி போட்டுக் கொடுத்தது மாப்பிள்ளை. ஒரு வார்த்தை பேசவில்லை அவர்.

மகனிடம் மறுபடி பேசுங்கள் ஐயா. 'எந்த நாணயம் வைத்துக்கொள்வீர்கள்?' என்று கேளுங்கள். அது அவன் பதில் சொல்ல விரும்பும் கேள்வியாக இருக்கும்.

கேள்வி: அண்ணா கைவிட்ட திராவிட நாடும் இதுவும் ஒன்றுதானே? நம்மிடம் மட்டும் ஏன் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: ஒன்றல்ல. ஸ்காட்லாந்து ஒரு காலத்தில் தனி அரசாக இருந்தது. 1603-லேயே அதற்கும் இங்கிலாந்துக்கும் ஒரே மன்னர் வந்துவிட்டாலும், நாடாளுமன்றம் தனித்தனிதான். பனாமாவில் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைக்கப்போய் ஊர்ப்பணத்தை எல்லாம் இழந்தார்கள். அந்த அடியில்தான் இணைப்பு கைகூடியது. இங்கிலாந்து 3,98,085 பவுண்டு 10 ஷில்லிங் கொடுத்தது. இந்த 10 ஷில்லிங்கை நான் மறப்பதே இல்லை, அவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். எடின்பரோ தெருவில் ஜனங்கள் எதிர்த்துக் கூச்சல் போட்டார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர்களுடைய நாடாளுமன்றமே வாக்கெடுத்துத்தான் இணைந்தது. சட்டம், திருச்சபை, கல்வி மூன்றும் தனியாகவே இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டது. அமலுக்கு வந்த நாள் 1707 மே 1. (நம் மகாராஷ்டிரம் பிறந்ததும் மே 1-தான், 1960-ல். ஹுதாத்மா சௌக்கைக் கடக்கும்போதெல்லாம், அந்த மாநிலம் கேட்டு உயிர் விட்டவர்களை நினைத்துக்கொள்வேன்.)

நம் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. ஒரு மாநிலம் விலகிப்போக அதில் வழி கிடையாது. 1963-ல் 16-ஆவது திருத்தம் வந்தது, தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாயிற்று. தி.மு.க.வும் அந்தக் கோரிக்கையை விட்டது. விட்டுவிட்டு மாநில உரிமை கேட்டதால்தான் தமிழ்நாட்டுக்குப் பலன் அதிகம் என்பது என் கருத்து.

கேள்வி: நீங்கள் எந்தப் பக்கம்? மறுபடி வாக்கெடுப்பு வருமா?
– ஒரு வாசகி, முலுண்ட்

பதில்: 2014-ல் எனக்கு வாக்கு இருந்திருந்தால் மாப்பிள்ளை பக்கம்தான். இன்றும் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் வியாபாரத்தில் பெரும்பங்கு பிரிட்டனின் மற்ற பகுதிகளோடுதான். நடுவில் சுங்கச் சாவடி வந்தால் முதலில் அடிவாங்குவது சின்னக் கடைக்காரர்.

ஆனால் மறு வாக்கெடுப்பே கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். 'ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருங்கள்' என்று 2014-ல் சொன்னார்கள். 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்ற வாக்கெடுப்பில், ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஐரோப்பாவோடு இருக்கவே வாக்களித்தும் வெளியே இழுத்து வரப்பட்டார்கள். வாக்குக் கேட்டபோது சொன்ன காரணம் மாறிவிட்டால் திரும்பக் கேட்பதுதானே நியாயம்? லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள பிரிட்டன் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்புக்குச் சட்டம் போட முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். சம்மதித்துச் சேர்ந்தவர்கள் அந்தச் சம்மதத்தை எப்போது திரும்பப் பரிசீலிக்கலாம், அதை யார் தொடங்கிவைப்பது என்பதற்கு மட்டும் அதில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மாப்பிள்ளை என் மகளோடு சேர்ந்துகொள்கிறார்.