முடுக்கிக் காந்தம்: ஊர்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

மன்னார்குடிப் பக்கம் பிறந்தவன் நான். அப்பாவுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை, எனக்குத் துகள் முடுக்கிகளுக்கு, அதாவது அணுவை விடச் சிறிய துகள்களை அதிவேகத்தில் ஓடவிடும் இயந்திரங்களுக்கு, காந்தம் செய்யும் வேலை. இரண்டு நாளாக நம்ம ஊர்க்காரர்கள் கேட்டதில் ஒன்றையே திரும்பக் கேட்டவற்றை விட்டுவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர்: துகளை வேகப்படுத்துவதே காந்தம்தானா?

இல்லைங்க. வேகம் கொடுப்பது மின்புலம். காந்தம் திருப்பும், கலையாமல் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆறு ஓடுவது சரிவால், வளைவில் அதைத் திருப்புவது கரை இல்லையா, அது மாதிரி. ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகம் நடத்தும் எல்.ஹெச்.சி. என்ற பெரிய முடுக்கி 27 கிலோமீட்டர் சுற்று. அதில் திருப்புவதற்கு மட்டும் 1,232 காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை.

கும்பகோணம், பிளஸ் டூ மாணவி: சார், நிலைக்காந்தம் வைத்தால் கரண்ட் செலவே இல்லையே?

நல்ல கேள்விம்மா. துகளின் ஆற்றல் ஏற ஏற காந்தப்புலமும் கூடவே ஏற வேண்டும், இல்லாவிட்டால் துகள் பாதையை விட்டு வெளியே போய்விடும். நிலைக்காந்தத்தை அப்படி ஏற்றி இறக்க முடியாது. ஆற்றல் மாறாத இடத்தில் அது சரிப்படும், அமெரிக்காவில் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில் ஒரு முடுக்கி வளையம் முழுக்க அப்படித்தான் கட்டினார்கள். இரும்பில் செம்புக் கம்பி சுற்றினால் சுமார் 2 டெஸ்லா (காந்தப்புலத்தின் அளவு) வரை போகலாம், இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 முடுக்கி அந்த வகை. அதற்கு மேல் இரும்பின் காந்தத்தன்மை நிறைந்துபோகும், செம்பும் தாங்காமல் கொதிக்கும். எல்.ஹெச்.சி.க்கு 8.33 டெஸ்லா வேண்டும், அதனால்தான் மீக்கடத்திக்கு, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருளுக்கு, போனார்கள்.

பாபநாசம், பம்புசெட் மெக்கானிக்: எத்தனை ஆம்பியர் தம்பி? என்ன கேஜ் கம்பி?

இதற்காகத்தான் காத்திருந்தேன் அண்ணே! உங்கள் 10 ஹெச்.பி. மோட்டார் 14, 15 ஆம்பியர் இழுக்குமா? எல்.ஹெச்.சி. காந்தத்தில் 11,850. கம்பி நியோபியம்-டைட்டானியம் என்ற மீக்கடத்தி உலோகக் கலவை. ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு இழைக்குள் செம்பில் பொதிந்த ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள், ஒவ்வொன்றும் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அப்படி 28 இழைகளை, வெளிச்சுற்றுக்கு 36, முறுக்கித் தட்டையாக்கினால் ஒரு கேபிள். எனாமல் கிடையாது, பாலிஇமைடு டேப் சுற்றுவார்கள். எல்லாவற்றையும் திரவ ஹீலியத்தில் மூழ்கவைத்து மைனஸ் 271 டிகிரிக்குக் குளிரூட்டினால் மின்தடையே இருக்காது.

ஆனால் கஷ்டம் கரண்டில் இல்லை அண்ணே, பிடித்து வைப்பதில்தான். அந்தக் கரண்டும் அந்தப் புலமும் சேர்ந்து சுருளை வெளிப்பக்கம் தள்ளும் விசை, காந்தத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 400 டன் அளவுக்கு வரும். அப்பா ஸ்லாட்டில் கம்பியை இறக்கிய பிறகு மூங்கில் ஆப்பு அடித்து, கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார், லேசாக ஆடினாலும் பிரித்துவிடுவார். இங்கே அந்த ஆப்புக்குப் பதில் காந்தத்தில் ஒட்டாத எஃகுத் தகடுகள், பெரிய பிரஸ்ஸில் நசுக்கிப் பூட்டியவை. அவ்வளவு குளிரில் உலோகத்தைச் சூடாக்கத் துளி வெப்பம் போதும், அதனால் கம்பி சில மைக்ரான் நழுவி உரசினாலே அந்த இடத்தில் மீக்கடத்தும் தன்மை போய்விடும். இதற்குப் பெயர் க்வென்ச்.

அதே அண்ணன்: க்வென்ச் ஆனால் எரிந்துவிடுமா?

விட்டால் எரியும். ஒரு காந்தத்துக்குள் சுமார் 7 மெகாஜூல் இருக்கிறது. 35 டன் லாரி மணிக்கு 70 கிலோமீட்டரில் வந்தால் எவ்வளவோ அவ்வளவு. அது முழுக்க ஒரே புள்ளியில் இறங்கக் கூடாது என்று ஹீட்டர் போட்டு மொத்தச் சுருளையும் வேண்டுமென்றே சூடாக்கிவிடுவார்கள். அந்த ஹீட்டர்களுக்கான பவர் சப்ளை ஆயிரக்கணக்கில் இந்தியாவிலிருந்து போனது. காந்தங்களைத் தாங்கி நிற்கும் ஜாக்கிகளும், இந்தூரில் உள்ள முடுக்கி ஆய்வகமான ஆர்.ஆர்.கேட் மூலமாகப் போன சிறு திருத்தக் காந்தங்களும் நம்முடையவைதான்.

2008 செப்டம்பர் 19 அன்று எல்.ஹெச்.சி.யில் நடந்த விபத்து வேறு. இரண்டு காந்தங்களுக்கு நடுவில் ஒரு ஜாயிண்ட் சரியில்லை. அது உருகி, பொறி பறந்து ஹீலியம் உறையைத் துளைத்தது. டன் கணக்கில் ஹீலியம் வெளியேறிய வேகத்தில் காந்தங்களே இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களைக் கழற்ற வேண்டியதாயிற்று, மறுபடி ஓட்ட 2009 நவம்பர் ஆனது. “மோட்டாரைக் கொல்வது ஜாயிண்ட்தான்டா” என்பார் அப்பா. அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது சிரிக்கவில்லை, “அந்த ஜாயிண்டை யாரு பத்த வெச்சா?” என்று மட்டும் கேட்டார்.

தஞ்சாவூர், ஸ்கேன் சென்டர் ஊழியர்: எங்கள் எம்.ஆர்.ஐ.யிலும் ஹீலியம்தானே?

ஆமாம், பெரும்பாலும் அதே நியோபியம்-டைட்டானியம் கம்பியும்தான். 1983இல் ஓடத் தொடங்கிய டெவாட்ரான் முடுக்கிக்காக இந்தக் கம்பியை டன் கணக்கில் இழுக்கப் பழகினார்கள், அது எம்.ஆர்.ஐ.க்கும் கைகொடுத்தது.

நன்னிலத்திலிருந்து ஒருவர்: அடுத்து என்ன?

நியோபியம்-டின், இன்னொரு மீக்கடத்தி. 11, 12 டெஸ்லாவுக்கு அதுதான். ஆனால் பீங்கான் மாதிரி நொறுங்கும், அதனால் முதலில் சுற்றிவிட்டு, அப்புறம் சுமார் 650 டிகிரியில் சுட வேண்டும். குயவர் பச்சை மண்ணில் வனைந்து சூளையில் வைப்பது போலத்தான், சுட்ட பிறகு வளைக்கக் கூடாது. நான் முன்பு இருந்த இடத்தில் சுட்டெடுத்த ஒரு சுருளைத் தூக்கும்போது மேசை விளிம்பில் லேசாகத் தட்டிவிட்டது. பார்வைக்கு ஒரு கீறல் இல்லை. சோதனையில் எத்தனை தடவை ஏற்றினாலும் அதே இடத்தில் க்வென்ச். எட்டு மாத வேலை போயிற்று. தூக்கியதில் ஒரு கை என்னுடையது.

திருவாரூர், ஒரு அம்மா: பையன் மெக்கானிக்கல் படிக்கிறான். இதெல்லாம் பிசிக்ஸ்காரர்களுக்குத்தானே?

இல்லைம்மா. மேலே சொன்னதில் பாதி மெக்கானிக்கல்தான். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் (பி.ஏ.ஆர்.சி.) பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அங்கிருந்து இந்தூருக்குப் போக வழி உண்டு.

கடைசியாக, பேர் போடாத ஒருவர்: பக்கத்தில் போனால் சாவிக்கொத்தை இழுக்குமா?

இழுக்காது, சுற்றியிருக்கும் இரும்பு உறை பெரும்பாலான புலத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். தவிர, பீம் (துகள் கற்றை) ஓடும்போது சுரங்கத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள்.