ஹெடர் கொடுத்தும் 403 ஏன்?

கேள்வி: எங்கள் கல்லூரி சர்வரில் உள்ள வகுப்பு வீடியோக்களை அனுமதியோடுதான் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரலில் கட்டளை எழுதி இறக்குகிறேன். டோக்கன் (அனுமதிச் சாவி), ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்ற முகவரி) இரண்டையும் ஹெடராக, அதாவது கோரிக்கையோடு போகும் கூடுதல் தகவலாகக் கொடுத்தும் 403 (அனுமதி மறுப்பு) வருகிறது. பிரவுசரில் அதே முகவரி ஓடுகிறதே?

பதில்: நீங்கள் அனுப்பிய கட்டளையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். போன வருஷம் ஒரு ராத்திரி முழுக்க நானும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். 'ஹெடர்ஸ்' என்ற ஆப்ஷனை வீடியோ முகவரிக்குப் பின்னால் போட்டிருக்கிறீர்கள். அங்கே போட்டால் அது வெளியீட்டுக் கோப்புக்குச் சேர்ந்துவிடும், சர்வருக்குப் போகாது. உள்ளீட்டைக் குறிக்கும் 'மைனஸ் ஐ'க்கு முன்னால் நகர்த்துங்கள்.

அப்புறம், 'ஹெடர்ஸ்' ஆப்ஷனை இரண்டு முறை எழுதினால் கடைசியாக எழுதியதுதான் நிற்கும். இரண்டு ஹெடரையும் ஒரே மேற்கோளுக்குள் வையுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் \ஆர்\என் வேண்டும் (ஆர், என் இரண்டும் ஆங்கிலச் சின்ன எழுத்துகள்). பாஷ் என்ற கட்டளைத் திரையில் சாதாரண இரட்டை மேற்கோள் போட்டால் அது வரி முறிவாக மாறாமல் வெறும் எழுத்தாகவே போய்விடும். டாலர் குறி போட்டு, ஒட்டினாற்போல் ஒற்றை மேற்கோளைத் திறங்கள்: $'...'

ரெஃபரரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே ஒரே ஒரு 'ஆர்'தான் (Referer). பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையை விளக்கி 1996-இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே எழுத்துப்பிழை! சரியாக எழுதினால் வேலை செய்யாது.

இன்னும் 403 வந்தால் லாக் லெவலை (எவ்வளவு விவரம் காட்ட வேண்டும் என்ற அளவை) 'டீபக்' என்று வைத்து ஓட்டுங்கள். சர்வருக்குப் போன கோரிக்கை அப்படியே திரையில் தெரியும். அதில் யூசர் ஏஜென்ட், அதாவது கேட்கும் நிரலின் பெயர், 'லாவ்எஃப்' என்று இருக்கும். சில சர்வர்களுக்கு அந்தப் பெயரே ஆகாது. 'யூசர்_ஏஜென்ட்' ஆப்ஷனில் உங்கள் பிரவுசருடையதைக் கொடுத்துப் பாருங்கள். அந்தத் திரையைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், டோக்கனும் அதில் இருக்கும்.