சுகினோ எங்கே?

அன்புள்ள ஐயா,

என் மகன் ஏழாம் வகுப்பு. ஆறு மாதமாக ஜூடோ வகுப்புக்குப் போகிறான். போன வாரம் அவனுடைய மாஸ்டர், ஹிரோசே என்ற ஜப்பானியக் கடற்படை அதிகாரியின் கதையைச் சொல்லியிருக்கிறார். பெரிய ஜூடோ வீரராம். மூழ்கும் கப்பலில் காணாமல்போன தன் ஆளைத் தேடி மூன்று முறை போய், கடைசியில் கப்பலோடு போய்விட்டாராம். வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு. இணையத்தில் பார்த்தால் 'போர்க்கடவுள்' என்று போட்டிருக்கிறார்கள். இது நடந்ததா, அரசாங்கம் கட்டிவிட்டதா? இன்னொன்று, ஜூடோ என்றால் மென்மையான வழி என்கிறார்கள். பட்டாளத்துக்கும் மென்மைக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நடந்ததுதான். ஒரு திருத்தம் மட்டும் உங்கள் மகனிடம் சொல்லிவிடுங்கள்: அவர் கப்பலோடு போகவில்லை. தேடி முடித்துப் படகில் இறங்கிய பிறகுதான் செத்தார்.

1904 பிப்ரவரியில் ஜப்பானுக்கும் ரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ரஷ்யாவின் பசிபிக் கடற்படை போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்குள் நின்றது. இன்றைய சீனாவின் லூஷுன். அதன் வாய் குறுகல். பழைய சரக்குக் கப்பல்களில் கல்லை நிரப்பி, ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் அந்த வாயிலேயே வெடிவைத்து மூழ்கடித்துவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கும். இதுதான் திட்டம். முதல் முயற்சிக்கு 77 பேர் தேவைப்பட்டார்கள். பெயர் கொடுத்தவர்கள் 2000 பேருக்கு மேல். 'அசாஹி' போர்க்கப்பலில் டார்பிடோ என்கிற நீரடிக் குண்டுகளுக்குப் பொறுப்பான அதிகாரியாக இருந்த ஹிரோசே தகேயோ ஒரு கப்பலுக்குத் தலைமை தாங்கிப் போனார். வாய் அடைபடவில்லை. மார்ச் 27 அதிகாலை மறுபடியும் போனார், இந்த முறை ஃபுகுய் மாரு என்ற கப்பலில்.

போக வேண்டிய இடத்தை நெருங்கும்போது ரஷ்ய டார்பிடோ தாக்கியது. எல்லோரும் படகில் இறங்கித் தலையை எண்ணினால் ஒன்று குறைகிறது. வெடியைப் பற்றவைக்கக் கீழே போன சுகினோ மகோஷிச்சி. ஹிரோசே திரும்பக் கப்பலில் ஏறினார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி தேடினார். மூன்று தடவை என்பது ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. வேறு வழியில்லாமல் படகுக்கு வந்தார். படகு விலகிக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு குண்டு அவர் தலையைக் கொண்டுபோனது. பிற்பாடு கரை ஒதுங்கிய உடலை ரஷ்யர்கள் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

கட்டுமானம் இதற்கப்புறம் தொடங்குகிறது. இறந்த பின் கமாண்டர் பதவி. அவர் பயின்ற கோடோகான் ஜூடோ பள்ளி கறுப்புப் பட்டைக்காரர்களின் படிநிலையான டானில் நான்காவதிலிருந்து ஆறாவதுக்கு அவரை உயர்த்தியது. 1910-இல் தோக்கியோவின் மன்செய்பாஷியில் சிலை, அவர் காலடியில் சுகினோவும். அப்புறம் பள்ளிக்கூடப் பாட்டு. சுகினோ எங்கே, சுகினோ எங்கே என்று சின்னப் பிள்ளைகள் பாடினார்கள். 1935-இல் சொந்த ஊரான தாகேதாவில் அவர் பெயரில் ஒரு கோயிலே வந்துவிட்டது. நடுகல்லைக் கும்பிட்ட நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நம் நடுகற்களில் பலதை ஊரே நட்டது. இவருக்கு நட்டது அரசாங்கம்.

எல்லோரும் கைகட்டி நின்றார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கிளம்புமுன் ஹிரோசே ஒரு சின்னக் கவிதை எழுதி வைத்திருந்தார். ஏழு பிறவி எடுத்தும் நாட்டுக்கு உழைப்பேன், சிரித்தபடி கப்பல் ஏறுகிறேன் என்கிற மாதிரி. 1910-இல் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியபோது, காற்று தீரத் தீர அதன் தலைவர் சகுமா ஒரு கடிதம் எழுதிவிட்டு இறந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாவலாசிரியர் நட்சுமே சோசெகி, கடிதம்தான் எழுத்து, ஹிரோசேயின் கவிதை மட்டம் என்று அந்த வருஷமே எழுதிவிட்டார். சிலை வைத்த அதே வருஷம்! எனக்கும் அதே அபிப்பிராயம்தான். அது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கவிதை. கப்பலுக்குள் திரும்ப ஏறியதுதான் அவருடையது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கல்லூரி நாளில் நானும் மூன்று மாதம் ஜூடோ கற்றேன். முதல் மாதம் முழுக்க விழுவதற்குத்தான் பயிற்சி. கையைப் பாயில் பளாரென்று அடித்து, தாடையை மார்போடு சேர்த்து, விழு, எழு, விழு. இரண்டாம் மாதம்தான் எதிராளியைத் தொடவே விட்டார்கள். ஒரு கையால் அவன் சட்டைக் கழுத்தை, இன்னொரு கையால் முழங்கைப் பக்கத்துத் துணியைப் பிடிக்க வேண்டும். அவன் மூச்சு உங்கள் முகத்தில் படும். எந்தக் காலுக்கு எடையை மாற்றுகிறான் என்பதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது, பிடித்த கைதான் சொல்லும். அவன் தள்ளினால் நீங்கள் எதிர்த்துத் தள்ளாமல் இழுக்கிறீர்கள். அவன் வேகமே அவனைக் கவிழ்க்கிறது. 'ஜூ' என்பது இந்த இளகிக்கொடுத்தல். இரக்கத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூன்றாம் மாதம் தோள் இறங்கியது, என் ஜூடோ அதோடு முடிந்தது.

ஜூடோவை உருவாக்கிய கனோ ஜிகோரோ 1882-இல் ஒரு கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் தொடங்கியது கோடோகான். 1868-இல் பிறந்த ஹிரோசே இளமையிலேயே அங்கே போய்ச் சேர்ந்தவர். ஒரு போட்டியில் வரிசையாக ஐந்து பேரை வீழ்த்தியவர். அவர் சாவுச் செய்தி வந்தபோது கனோ எல்லோர் முன்னாலும் அழுதார் என்பார்கள்.

மாஸ்டர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது. 1897-இல் கடற்படை அவரை ரஷ்யாவுக்கு அனுப்பியது. ரஷ்யக் கடற்படையைப் படித்துவிட்டு வருவது வேலை. 1902 வரை இருந்தார். மொழி படிந்தது, கோகோல் படித்தார், புஷ்கினின் ஒரு கவிதையைச் சீனச் செய்யுளாக மொழிபெயர்த்தார். ஒரு கடற்படை அதிகாரியின் மகள் அரியாத்னா கோவலெவ்ஸ்கயாவுக்கும் அவருக்கும் காதல். கல்யாணம் நடக்கவில்லை. திரும்பும்போது குளிர்காலச் சைபீரியாவில் பனிச்சறுக்கு வண்டியில் வந்தார். இரண்டே வருஷத்தில் போர்ட் ஆர்தர். அன்பு வேறு உளவு வேறு என்று பிரித்துவைக்க அவர் விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை. சட்டைக் கழுத்தைப் பிடித்தவனுக்குத்தானே எதிராளியின் மூச்சு தெரியும்?

அதே போர் இன்னொரு ஜூடோக்காரரையும் உருவாக்கியது. ஜப்பானுக்கு வடக்கே, அப்போது ரஷ்யாவிடம் இருந்த சகலின் தீவில் கைதியாக இருந்த பெண்ணுக்குப் பிறந்தவர் வசிலி ஒஷ்செப்கோவ். பதினோரு வயதில் அநாதை. 1905-இல் தீவின் தென்பாதி ஜப்பானுக்குப் போனது. பையன் தோக்கியோவில் ரஷ்யத் திருச்சபைப் பள்ளிக்குப் போனான். 1911-இல் கோடோகான், 1913-இல் கறுப்புப் பட்டை. பின்னால் செம்படையின் உளவுப் பிரிவில் வேலை, மாஸ்கோவில் ஜூடோ ஆசிரியர். 1937-இல் ஜப்பானிய உளவாளி என்று பிடித்துப்போனார்கள். சில நாளில் புடிர்கா சிறையில் செத்தார். அவர் போட்ட அடித்தளத்தில் வளர்ந்த சாம்போ மல்யுத்தத்துக்கு அடுத்த வருஷம் அரசு அங்கீகாரம் கிடைத்தது, அவர் பெயர் இல்லாமல்.

சுகினோவின் மகன் ஷுயிச்சியும் கடற்படைக்குத்தான் போனார். நாகாதோ போர்க்கப்பலின் கடைசித் தளபதி அவர்தான். 1945-இல் அது அமெரிக்கர் கைக்குப் போனது. 1947-இல் மன்செய்பாஷிச் சிலையை இறக்கினார்கள். கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான், சுகினோ சாகவில்லை, மஞ்சூரியாவில் இருக்கிறார், ஊர் திரும்பப்போகிறார் என்று ஒரு வதந்தி கிளம்பிப் பத்திரிகைவரை வந்தது. யாரும் வரவில்லை.

அன்புடன்.