முதலில் மாமியார், அப்புறம் பதிவேடு

கேள்வி: என் கணவர் ஜப்பானிய அமெரிக்கர். அவருடைய பாட்டி, மாப்பிள்ளையைப் போட்டோவில் மட்டும் பார்த்துக் கல்யாணமாகி, வகயாமா மாகாணத்துத் தாய்ஜியிலிருந்து 1917-இல் கப்பலேறி வந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவில் மீன் டப்பா ஆலையில் வேலை பார்த்தார். 1942-இல், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சத்தவர் என்பதற்காக அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு மன்சனார் முகாமில் அடைத்தது. அவருடைய கடைசி மகளான என் மாமியாருக்கு இப்போது 93 வயது. ஓர் ஆல்பமும் சில கடிதங்களும் இருக்கின்றன. பாட்டியின் வாழ்க்கையை எழுதிவைக்க எங்கே தொடங்குவது?
- ஒரு வாசகி, கலிபோர்னியா

பதில்: மாமியாரிடம். பதிவேடுகள் எங்கும் ஓடிவிடாது. காலை வேளையில், டிவியை அணைத்துவிட்டு, ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் களைப்பில் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்றுதான் வரும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம்கூட இடிபோலப் பதிவாகும்.

‘முகாம் எப்படி இருந்தது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘ஷிகத்த கா நாய்’, என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். சின்னதாகக் கேளுங்கள். ஆலைச் சங்கு நடுராத்திரியில் ஊதி அம்மா கிளம்பிப் போனால் உங்களை யார் பார்த்துக்கொண்டார்கள்? தீவைக் காலிசெய்ய 48 மணி நேரம்தான் கொடுத்தார்கள். அம்மா எதை விற்றார், எதைத் தூக்கிக்கொண்டார்? மன்சனாரில் 20-க்கு 25 அடி அறையில் எட்டுப் பேர் வரை போட்டார்கள். சாப்பாடு பொதுக்கூடத்தில், தட்டோடு வரிசையில் நின்று. சமையல் கையைவிட்டுப் போன அம்மா பகலெல்லாம் என்ன செய்தார்? இந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுக் கேளுங்கள்.

கூடவே குடும்ப எண்ணையும் கேளுங்கள். மூட்டை முடிச்சிலும் சட்டையிலும் கட்டிவிட்ட அட்டையில் இருந்த எண் அது. அன்று பத்து வயதுப் பெண்ணுக்கும் மனப்பாடமாக இருந்திருக்கும். அந்த எண், பிறந்த தேதி, முகாமின் பெயர் மூன்றும் இருந்தால் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவர்களுடைய முகாம் கோப்பைத் தேடுவது சுலபம். பாட்டியின் இறப்புச் சான்றையும், மாமியாரின் கோப்புக்கு அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஜப்பானில் கேட்க வேண்டியது ‘கொசெகி’ என்னும் குடும்பப் பதிவேடு. விண்ணப்பத்தில் உங்கள் கணவர்தான் கையெழுத்திட வேண்டும். நேரடி வாரிசுக்குத்தான் உரிமை, மருமகளுக்கு இல்லை. மூடப்பட்ட பழைய பதிவேட்டின் நகலுக்கு 750 யென். அதிலுள்ள கல்யாணத் தேதி, பாட்டி கப்பலேறியதற்கு மாதக்கணக்கில் முந்தியதாக இருந்தால் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். பெயர் கணவர் வீட்டுப் பதிவேட்டில் ஏறி ஆறு மாதமான பிறகே பாஸ்போர்ட் கிடைத்தது. அவர் புருஷன் முகத்தைப் பார்த்தது அதற்கும் பிறகுதான்.

ஆண்டுகள் அரசர் கணக்கில் இருக்கும்: மெய்ஜி என்றால் 1867-ஐக் கூட்டுங்கள், தைஷோ என்றால் 1911-ஐ. மெய்ஜி 31 என்றால் 1898. பழைய கணக்கில் பிறந்ததும் வயது ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று. எனவே வயது ஒன்றிரண்டு கூடித் தெரியலாம். பெயரில் நடக்கும் கூத்து, குறில் நெடில் தெரிந்த நமக்கு உடனே புரியும். ஒனோ என்றால் சின்ன சமவெளி, ஓனோ என்றால் பெரிய சமவெளி. இரண்டும் வேறு வேறு குடும்பப் பெயர்கள். கப்பல் பட்டியலில் ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். கொசெகியிலுள்ள எழுத்தைப் பார்க்காமல் குடும்பப் பெயரை முடிவு செய்யாதீர்கள்.

ஆல்பத்தில் 1942-ஐ ஒட்டிப் படமே இல்லாவிட்டால் யாரோ கிழித்துவிட்டார்கள் என்று தேட வேண்டாம். கேமரா வைத்திருக்கவே அவர்களுக்குத் தடை. ஒட்டிய படங்களைப் பிய்க்காமல் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். கடிதங்கள் பழைய கூட்டெழுத்தில் இருக்கும். இன்றைய ஜப்பானிய இளைஞர்களாலேயே படிப்பது கஷ்டம். படிக்கத் தெரிந்தவர் கிடைக்கும்வரை மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.