வீட்டிலேயே லேயர் கட்: கத்தரி வாங்கியவர்களின் கேள்விகள்

லேயர், அதாவது முடியை அடுக்கடுக்காக வெட்ட வாங்கிய சாமான்கள் பற்றி வந்த கடிதங்கள் மட்டும் இந்த முறை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஆன்லைனில் பத்துப் பொருள் கொண்ட 'புரொஃபஷனல்' செட் 699 ரூபாய்க்கு வாங்கினேன். கத்தரி முடியை வெட்டாமல் மடக்குகிறது. ஒருமுறை பயன்படுத்திவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். – வாசகி, மார்த்தாண்டம்

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வெட்டிப் பார்க்காமல் கத்தரி வெட்டுமா என்று எப்படித் தெரியும்? குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. நனைத்த டிஷ்யூ பேப்பரை அந்தக் கத்தரியால் வெட்டி, அது மடங்குவதை வீடியோ எடுங்கள். பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு இவற்றோடு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதிலும், ஒரு மாதத்தில் தீர்வும் அவர்கள் தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையவில்லையா, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 699 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

தின்னிங் கத்தரியால் லேயர் வெட்டலாமா? – மாணவி, தக்கலை

கூடாது. அலகில் பல் பல்லாக இருக்கும் அந்தக் கத்தரி அடர்த்தியைக் குறைக்கும், அடுக்கு தராது.

எக்கா, நல்ல கத்தரி ஒன்று வாங்க வேண்டும். கடையில் எதைப் பார்த்து எடுப்பது? – வாசகி, திங்கள்நகர்

செட் வேண்டாம், அந்தக் காசை ஒரே கத்தரிக்குக் கொடுங்கள். ஐந்தரை அல்லது ஆறு அங்குலம் போதும். அதற்கு மேல் நீளமானால் தலைக்குப் பின்னால் கை திரும்பாது. ஒரு அலகில் நுண்ணிய பல் வெட்டியிருந்தால் பழக்கமில்லாதவர்களுக்கு நல்லது, முடி வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடாது. கடையிலேயே ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை செங்கோணத்துக்கு உயர்த்தி விடுங்கள். முக்கால்வாசி மூடி நிற்க வேண்டும். டப்பென்று முழுதும் மூடினால் திருகு தளர்வு, அசையாமல் நின்றால் இறுக்கம். பிறகு நனைத்த டிஷ்யூவை அலகின் அடியிலிருந்து நுனி வரை வெட்டுங்கள். நுனியில் மாட்டுகிற கத்தரியை வைத்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் லேயர் வெட்டுவது முழுக்க நுனியால்தான். இடது கைக்காரர் என்றால் இடது கைக் கத்தரி என்று கேட்டே வாங்குங்கள். வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகி முடி மடங்கும்.

இடுப்பு வரை முடி. உச்சியில் போனிடெயில் கட்டி, ரப்பரிலிருந்து ஒரு சாண் விட்டு ஒரே வெட்டாக வெட்டினேன். மேலே குடை மாதிரி ஒரு அடுக்கு, கீழே எலிவால். கத்தரிதான் மோசமா? – வாசகி, கருங்கல்

கத்தரி பாவம். போனிடெயில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் முடி ஆகக் குட்டையாகும். உச்சி முடிக்கு நீங்கள் விட்டது ஒரு சாண், அது பிடரியோடு நின்றுவிட்டது. பிடரி முடியோ உச்சிக்கு ஏறி வரவே ஒரு சாண் செலவாகிறது, ஆகவே அது இரண்டு சாண் நிற்கிறது. இருந்த அடர்த்தியெல்லாம் இடையில் பிரிந்துபோய், நுனியில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

முகத்தை ஒட்டி மட்டும் லேயர் வேண்டுமானால் போனிடெயிலை நெற்றி முடி தொடங்கும் இடத்தில், மூக்குக்கு நேர்மேலே கட்ட வேண்டும். தலைக்குக் குளித்து எண்ணெய் முழுதும் போன பிறகுதான். எண்ணெய் முடி கற்றையாக ஒட்டிக்கொண்டு நீளத்தை மறைத்துவிடும். நேர் முடி என்றால் லேசான ஈரத்தில் வெட்டலாம். அலையும் சுருட்டையும் காய்ந்த பிறகே, ஈரத்தில் நீண்டு காட்டி உலர்ந்ததும் ஏறிப்போகும். குனிந்து, முடி முழுவதையும் சிக்கெடுத்து முன்னால் சீவிக் கட்டுங்கள். இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளிப்போனால் இடப்பக்கம் குட்டையாகும். ரப்பரிலிருந்து வெட்டுகிற இடம் வரை எத்தனை சென்டிமீட்டரோ, முன்முடி அத்தனைதான் மிஞ்சும். நெற்றி முடியிலிருந்து தாடை வரை பலருக்கும் 20 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தாடைக்குக் கீழே விழ 25க்கு மேல் விட்டு, அங்கே இரண்டாவது ரப்பர் போடுங்கள். அதற்குக் கீழே முதல் தடவை 2 சென்டிமீட்டர் மிச்சம் விட்டு வெட்டுங்கள். கத்தரியை முடிக்குக் குறுக்கே வைக்காதீர்கள். முடியோடு ஏறத்தாழ இணையாகச் சாய்த்து, நுனியால் ஒரு சென்டிமீட்டர் ஆழம் கொத்திக் கொத்தி எடுங்கள். அவிழ்த்துப் பாருங்கள், போதாவிட்டால் மறுபடி கட்டுங்கள்.

இப்போதைய குடையை நீங்களே தொட வேண்டாம். இன்னொருவர் ஒரு அங்குலக் கற்றையாக எடுத்து, தலையிலிருந்து நேராகத் தூக்கி, துருத்தும் மூலையை மட்டும் கொத்தலாம். கீழ்நுனியை ஐந்து சென்டிமீட்டர் ஏற்றினால் எலிவால் குறையும். மீதிக்கு மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்ச்சிதான் கதி.

ரசமட்டக் குமிழி வைத்த முடிவெட்டும் கிளிப் உதவுமா? – வாசகர், நாகர்கோவில்

நெற்றிமுடியை நேராக வெட்ட உதவும். நிமிர்ந்து நின்று, முடி நேர்கீழே தொங்கும்போதுதான் அந்தக் குமிழிக்கு அர்த்தம். லேயருக்குத் தலையைக் குனிகிறோம், முடியைத் தூக்குகிறோம், அங்கே குமிழி எதை அளக்கும்? லேயருக்கென்று விளம்பரம் செய்ததை நம்பி நானும் வாங்கியிருக்கிறேன். பிளாஸ்டிக் விளிம்பு நடுவில் வளைந்து, நடுமுடி நழுவியது. பிளேடு சொருகிய ரேசர் சீப்பும் அப்படித்தான், அதற்கும் காசு கொடுத்திருக்கிறேன். மழுங்கிய பிளேடு முடியைச் சீவித் தும்பாக்கும், அந்த நுனியில்தான் பிளவு தொடங்கும்.

கத்தரி துருப்பிடிக்கிறது. தெருவில் வந்தவரிடம் சாணை பிடித்தேன். இப்போது நூல்கூட வெட்டவில்லை. கடைக்காரர் மாற்றித் தருவாரா? – வாசகர், குளச்சல்

தர வேண்டியதில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. முடி வெட்டும் கத்தரியின் அலகு உட்பக்கம் மெல்லக் குழிந்திருக்கும். மூடும்போது இரண்டு அலகும் ஒரே ஒரு புள்ளியில் தொட்டு, அந்தப் புள்ளி திருகிலிருந்து நுனிக்கு ஓடும். வெட்டு அங்கேதான் நடக்கிறது. அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் வைத்திருக்கிற சாணைக்கல்லில் உட்பக்கத்தைக் கொடுத்தால் குழிவு போய்த் தட்டையாகிவிடும். தீட்டுகிறவர் மேல் குற்றமில்லை, அவர் வேலை வேறு. சலூன்காரர்கள் எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பால் பாக்கெட், பிளாஸ்டர், துணி எதையும் இந்தக் கத்தரியால் வெட்டக் கூடாது. ஒரே பாக்கெட் போதும் விளிம்பு போக. கடலோர ஊரில் உப்புக் காற்று சும்மா விடாது. வெட்டி முடித்ததும் துடைத்து, திருகில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து முடித்தூளைப் பிடித்துக்கொள்ளும்.

பொருட்காட்சி ஸ்டாலில் 900 ரூபாய்க்கு வாங்கினேன், பில் இல்லை, கடை பெயரும் நினைவில்லை. நாளை மறுநாள் தங்கை கல்யாணம், நேற்று ராத்திரி வெட்டி அலங்கோலம். என்ன செய்ய? – வாசகி, குழித்துறை

பில் தர மறுப்பதே சட்டப்படி தப்பு, ஆனால் நீங்கள் கேட்கவே இல்லை. பெயர்கூடத் தெரியாத கடைமேல் யாருக்குப் புகார் எழுத? ஜிபேயில் கொடுத்திருந்தால் பணம் பெற்றவர் பெயர் அதில் இருக்கும், தேடுங்கள். புதுக் கத்தரியைக் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் சொந்தத் தலையில் சோதிக்கலாமா? இனி கை வைக்காதீர்கள். கொண்டை போட்டுப் பூ வைத்துக்கொள்ளுங்கள். பின்னல் வேண்டாம், குட்டை அடுக்கெல்லாம் வெளியே நீட்டும்.

பார்லரில் லேயர் கேட்டேன், தோளுக்கு மேல் வெட்டிவிட்டார்கள். வழக்குப் போடலாமா? – வாசகி, நாகர்கோவில்

போடலாம், அதுவும் சேவைக் குறைபாடுதான். 2018இல் டெல்லி நட்சத்திர ஓட்டல் சலூனில் சொன்னதைவிடக் குட்டையாக வெட்டிய வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2021இல் இரண்டு கோடி இழப்பீடு விதித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குறைபாடு என்ற முடிவைத் தொடவில்லை. தொகையை மட்டும் ரத்து செய்து, இழப்புக்கு ஆதாரம் பார்த்து மறுபடி முடிவெடுக்கச் சொன்னது. ஆகவே பில், வெட்டுவதற்கு முந்தைய படம், நீங்கள் காட்டிய மாதிரிப் படம், அன்றே அனுப்பிய வாட்ஸ்ஆப் புகார் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சரிசெய்ய வேறு பார்லரில் செலவு செய்தால் அந்தப் பில்லையும் சேருங்கள்.