ஆன்டோலினி தவறவிட்டது

அன்புள்ள ஐயா,

சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' (1951) நாவலை மறுபடி வாசித்தேன். பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஹோல்டன், நள்ளிரவில் தன் பழைய ஆங்கில ஆசிரியர் ஆன்டோலினியின் வீட்டுக்குப் போகும் அத்தியாயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவனிடம் உண்மையான அக்கறையோடு பேசும் பெரியவர் அவர். ஆனால் அவன் தூங்கும்போது தலையை வருடுகிறார், அவன் பதறி ஓடிவிடுகிறான். அந்த ஒரு மனிதரையும் ஏன் கெடுத்தார் சாலிஞ்சர்? அவர் சொன்ன அறிவுரையெல்லாம் வீண்தானா?

நானும் இப்படி ஒரு கதை எழுதுகிறேன். வீட்டைவிட்டு வந்த பையன், அவனுடைய பழைய ஆசிரியை. ஆசிரியை பேச ஆரம்பித்ததும் கதை நின்றுவிடுகிறது.

ர.

அன்புள்ள ர.,

எல்லாரும் அந்தக் கையைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் வரும் கொட்டாவிதான் முக்கியம்.

நாவலில் இப்படி இரண்டு ஆசிரியர்கள் உண்டு. தொடக்கத்தில் வரும் ஸ்பென்சர், காய்ச்சலில் படுத்திருக்கும் வரலாற்று ஆசிரியர். விடைபெற வந்தவனிடம், எகிப்தியர்களைப் பற்றி அவன் எழுதிய மோசமான விடைத்தாளை உரக்கப் படித்துக் காட்டுகிறார். அவரைக் கேலி செய்வது சுலபம். ஆன்டோலினி அப்படியல்ல. முன்பு ஹோல்டன் படித்த பள்ளியில் ஜேம்ஸ் காஸில் என்ற மாணவன் ஜன்னலிலிருந்து குதித்து இறந்தபோது, யாரும் நெருங்காத அந்த உடலைத் தன் கோட்டால் போர்த்தித் தூக்கிப் போனவர் அவர். கோட்டில் ரத்தம் படிவதை அவர் பொருட்படுத்தவில்லை. ஹோல்டன் அவரைத் தேடிப் போவது இந்தச் செயலை நம்பித்தான், அவருடைய பேச்சை நம்பி அல்ல.

அவரோ பேசுகிறார். அதற்குச் சற்று முன்னால் ஒரு இடம் இருக்கிறது, அதை நிதானமாகப் படியுங்கள். பேச்சு வகுப்பில் தோற்றது ஏன் என்று கேட்கிறார். அந்த வகுப்பில் யாராவது தலைப்பைவிட்டு விலகினால் மற்றவர்கள் 'விலகல்' என்று கத்த வேண்டும். ஒரு பையன் தன் அப்பாவின் பண்ணையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, 42 வயதில் போலியோ வந்த மாமாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டான். உடலில் மாட்டிய தாங்குகருவியோடு தன்னைப் பார்க்கக் கூடாதென்று ஆஸ்பத்திரிக்கு யாரையும் வரவிடாத மாமா. எல்லாரும் கத்தினார்கள். ஹோல்டனுக்கோ அந்த மாமாதான் பிடித்திருந்தது.

இதைவிட வெளிப்படையாக ஒரு பதினாறு வயதுப் பையன் தன்னைத் திறந்துகாட்ட முடியாது. என்னைத் தலைப்புக்குள் அடைக்காதீர்கள், தடம்மாறிப் பேசினால்தான் சொல்ல வேண்டியது வெளியே வரும் என்கிறான். (நாவல் முழுக்க அவன் செய்வதும் அதுதானே!) ஆன்டோலினி என்ன சொல்கிறார்? எதற்கும் ஒரு நேரம், இடம் உண்டு என்கிறார். மறுக்க முடியாத பேச்சு. கதவு சாத்தப்பட்டது அங்கேதான். அதன்பின் அவன் ஒரு பெரும் வீழ்ச்சியை நோக்கிப் போவதாக எச்சரிக்கிறார், கல்வியின் பயனைச் சொல்கிறார். எல்லாம் நல்ல கருத்துகள், எனக்கே அவற்றோடு உடன்பாடுதான். ஆனால் தலைவலியோடும் தூக்கமில்லாமலும் வந்த பையன் கொட்டாவி விடுகிறான். அவனால் அடக்க முடியவில்லை.

வீணா என்றால், இல்லை. உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெல்ம் ஸ்டெக்கலின் ஒரு வாசகத்தைத் தாளில் எழுதித் தருகிறாரல்லவா? அந்தத் தாள் இன்னும் தன்னிடம் இருப்பதாக, பிறகு கதையைச் சொல்லும் ஹோல்டன் குறிப்பிடுகிறான். கேட்கும்போது கொட்டாவி விட்டவன் தாளைத் தொலைக்கவில்லை.

அந்தக் கையைப் பற்றிச் சுருக்கமாக. அவருடைய நோக்கம் என்ன என்பதை நாவல் தீர்ப்பதில்லை. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து, தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று ஹோல்டனே குழம்புகிறான். ஆனால் சிறுவயதிலிருந்து இதுபோல இருபது தடவை நடந்திருக்கிறது என்று ஒரு வரியை அவன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறான். அதைப் படித்த பிறகு, ஆன்டோலினி குற்றவாளியா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. அவன் ஓடியது சரி. சாலிஞ்சர் அவரைக் கெடுத்ததாகவும் நினைக்கவில்லை. கோட்டைக் கழற்றிப் போர்த்தியவரும் இரவெல்லாம் குடித்துக்கொண்டிருந்தவரும் ஒரே ஆள்தான்.

உங்கள் கதைக்கு வருகிறேன். ஆசிரியை பேசும் முன் பையன் சம்பந்தமில்லாத எதையாவது சொல்லட்டும். அதை அவர் பிடித்துக்கொள்கிறாரா, விட்டுவிடுகிறாரா என்பதை மட்டும் நீங்கள் முடிவுசெய்தால் போதும். முடித்ததும் அனுப்புங்கள். ஆசிரியையின் பேச்சு அரைப் பக்கத்தைத் தாண்டினால் அந்த இடத்தைத் தாவித்தான் படிப்பேன்.